மூணு தலைமுறைப் பெயர் தெரியுமா?

கியா பார்மில் வகுப்பு வைப்பதென்றால் சனி, ஞாயிறு ஆகாது. அந்த இரண்டு நாளும் பிரிஞ்சாங்கிலிருந்தே கார் நகராது. நம் பிள்ளைகளில் பாதிப் பேர் சந்தையில் ஸ்ட்ராபெரியும் சோளமும் சர்க்கரைவள்ளியும் விற்றுக்கொண்டிருப்பார்கள். அதனால் இங்கே நம் சமய வகுப்பு புதன்கிழமை இரவு. குளிருக்குக் கதவைச் சாத்திவிட்டு, ஆளுக்கொரு கப் தேத்தண்ணியோடு உட்காருவோம்.

ஆடி அமாவாசைக்கு முந்திய வாரம் தர்ப்பணம் பற்றிப் பேசினேன். அப்பா வழியில் மூன்று தலைமுறை, அம்மா வழியில் மூன்று தலைமுறை, ஆண் பெண் இருபாலாரையும் பெயர் சொல்லி நினைப்பதுதான் அதன் அடிப்படை. "சரி, ஆளுக்கொரு தாள் எடுங்க, பெயரை எழுதுங்க" என்றேன். பதினான்கு பேர் இருந்தோம். அப்பாவின் தாத்தா பெயர் மூன்று பேருக்குத் தெரிந்தது. அம்மாவின் பாட்டி பெயர் ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்கும்தான்.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு யார் எழுதி வைத்தார்கள்? நம் அடையாள அட்டையில் 'அனாக் லெலாக்கி', 'அனாக் பெரெம்புவான்' என்று அப்பா பெயர் மட்டும் நிற்கிறது. அம்மா பெயருக்கு அதில் இடமே இல்லை. கொழுந்து பறித்த பாட்டிகள் பலர் ஊர்ப் பெயராலும் புருஷன் பெயராலும் அழைக்கப்பட்டு, அப்படியே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். எப்படிச் செத்தார்கள் என்று கேட்டால், "வயித்து நோவு", "நெஞ்சு அடைப்பு", "காத்து கருப்பு". அதோடு கதை முடிந்துவிடும்.

வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு ஒரு தங்கச்சி மட்டும் நின்றாள். இருபத்து மூன்று வயது, காய்கறிக் கடையில் வேலை. அவள் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். பெயரும் தோட்டமும் வேண்டாம்.

"அக்கா, எனக்கு அம்மாச்சி பேரு தெரியாது. ஆனா எப்படிச் செத்தாங்கன்னு தெரியும். வயிறு பானை மாதிரி வீங்கிச்சாம். யாரோ இடுமருந்து வெச்சுட்டாங்கன்னு சொல்வாங்க. எங்கம்மா முப்பத்தெட்டு வயசுல மார்புல புத்துநோய் வந்து செத்தாங்க. இப்ப சித்திக்கு நாப்பத்து நாலு, அவங்களுக்கும் அதே. ஈப்போவுல பார்க்குறாங்க. எனக்கும் வருமாக்கா?"

கொஞ்ச நேரம் கழித்துத்தான் இரண்டாவது கேள்வி வந்தது. "மாமா வீட்டுல பொண்ணு கேக்குறாங்க. இதச் சொல்லணுமா?"

எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். ஆனால் இந்தக் கேள்விகளுக்கு உட்கார்ந்து பதில் சொல்வதற்கென்றே படித்த ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள்தான் மரபணு ஆலோசகர்கள். அவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதே இந்த மாதப் பாடம்.

முதலில் பயத்தை அளந்து வைத்துக்கொள்வோம். மலேசியப் பெண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோய். மலாய், சீன, இந்தியப் பெண்கள் மூன்று பிரிவிலும் அதுதான் முதலிடம். ஆனால் அதில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரைதான் பரம்பரைப் பழுதால் வருவது. மீதி தொண்ணூறுக்கு மேல் வயது, ஹார்மோன், உடல் எடை, மது, இன்னும் பலவும் சேர்ந்து வருபவை. பக்கத்து வீட்டு ஆன்ட்டிக்கு அறுபத்தைந்து வயதில் வந்தது என்பதற்காக அவர் மகள்களெல்லாம் ரத்தம் கொடுக்க ஓட வேண்டியதில்லை.

யோசிக்க வேண்டிய குடும்பம் எது? சின்ன வயதிலேயே, நாற்பது, நாற்பத்தைந்துக்குள் வந்திருக்கும். இரண்டு மார்பிலும் வந்திருக்கும். ஒரே ரத்த வழியில் இரண்டு மூன்று பேருக்கு வந்திருக்கும். ஆண் ஒருவருக்கு மார்பகப் புற்று வந்திருக்கும். இன்னொன்று, பலர் கவனிக்காதது: மார்பகப் புற்று வந்த குடும்பத்திலேயே சினைப்பைப் புற்றும் வந்திருக்கும். சினைப்பைப் புற்று முற்றினால் வயிற்றில் நீர் கோத்து வீங்கும். அந்தத் தங்கச்சியின் அம்மாச்சிக்கு இருந்தது அதுதான் என்று இன்று யாராலும் நிரூபிக்க முடியாது. ஆனால் ஒரு மரபணு ஆலோசகர் "வயிறு வீங்கிச்சாம்" என்று கேட்டதும் பேனாவை எடுத்துவிடுவார். இடுமருந்து என்று சொல்லி மூடிவைத்த கதையில், பேத்திக்கு வேண்டிய குறிப்பு இருந்திருக்கலாம்.

பழுது என்றால் என்ன? பிஆர்சிஏ 1, பிஆர்சிஏ 2 என்று இரண்டு மரபணுக்கள் நம் எல்லாருக்கும், ஆண் பெண் இருவருக்கும் உண்டு. செல்லுக்குள் மரபுச் சரடு அறுந்தால் அதைச் சரியாக முடிச்சுப் போட்டு ஒட்டுவது அவற்றின் வேலை. ஒவ்வொன்றிலும் நமக்கு இரண்டு பிரதி, அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. பிறக்கும்போதே ஒரு பிரதி பழுதாக வந்தால் மற்றதை வைத்து உடம்பு சமாளிக்கும். வாழ்நாளில் ஏதோ ஒரு செல்லில் அந்த இரண்டாவது பிரதியும் கெட்டால் அந்த இடத்தில் ஆபத்து ஆரம்பம். பழுது உள்ளவரின் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது போகும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. காசு சுண்டுவது மாதிரிதான். முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, அதனால் இரண்டாவதுக்கு வராது என்ற கணக்கெல்லாம் கிடையாது.

2017-ல் வெளிவந்த ஒரு பெரிய பன்னாட்டு ஆய்வின்படி, பிஆர்சிஏ 1 பழுது உள்ள பெண்களில் 100-க்குச் சுமார் 72 பேருக்கும், பிஆர்சிஏ 2 பழுது உள்ளவர்களில் 69 பேருக்கும் எண்பது வயதுக்குள் மார்பகப் புற்று வருகிறது. சினைப்பைப் புற்று முறையே 44, 17. பெரிய எண்கள்தான். ஆனால் நூறு இல்லை. 'பழுது இருக்கு' என்பதும் 'நோய் இருக்கு' என்பதும் ஒன்றல்ல என்பதை இந்த எண்களிலிருந்தே பிடித்துக்கொள்ளுங்கள்.

இப்படி ஒரு மரபணு இருக்கும் என்று மேரி கிளேர் கிங் என்ற அமெரிக்க விஞ்ஞானி பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தபோது, இத்தனை சிக்கலான நோயை ஒரு மரபணுவில் எப்படிப் பிடிக்க முடியும் என்று சந்தேகப்பட்டவர்களே அதிகம். 1990-ல் அது 17-ஆம் குரோமோசோமில் இருக்கிறது என்று அவர் காட்டினார். 1994-ல் மரபணுவையே பிரித்தெடுத்தார்கள், அடுத்த ஆண்டு பிஆர்சிஏ 2. ஒரு நிறுவனம் காப்புரிமை வாங்கி வைத்திருந்ததால் சோதனை விலை எட்டாத உயரத்தில் இருந்தது. இயற்கையில் உள்ள மரபணுவுக்கு யாரும் காப்புரிமை கொண்டாட முடியாது என்று 2013 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்கு ஒரு மாதம் முன்புதான் நடிகை ஏஞ்சலினா ஜோலி தனக்கு பிஆர்சிஏ 1 பழுது இருப்பதையும் இரண்டு மார்பகங்களையும் அகற்றிக்கொண்டதையும் எழுதினார். அவர் அம்மா புற்றுநோயில் 56 வயதில் இறந்தவர். அந்தக் கட்டுரையால் உலகம் முழுக்கப் பெண்கள் சோதனை கேட்டு வந்தார்கள். நல்லதுதான். ஆனால் "ஏஞ்சலினா மாதிரி எல்லாரும் வெட்டி எடுக்கணுமா?" என்ற பயமும் கூடவே வந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

"இதெல்லாம் வெள்ளைக்காரங்க நோய்" என்று யாராவது சொன்னால், ஒரு செய்தி சொல்லுங்கள். பிஆர்சிஏ 1-இல் 185 என்று குறிக்கப்படும் இடத்தில் இரண்டு எழுத்து விடுபட்ட ஒரு பழுது உண்டு. ஐரோப்பிய யூதர்களிடம் அதிகம் காணப்படுவதாகப் பெயர் பெற்றது. அதே பழுதைத் தென்னிந்தியக் குடும்பங்களிலும் கண்டார்கள். யூதக் கலப்பால் வந்ததோ என்று ஆராய்ந்தபோது, ஓர் இந்தியக் குடும்பத்தில் அது தனியாகவே தோன்றியிருக்கிறது என்று 2007-ல் எழுதினார்கள். நம் ரத்தத்தில் நம் சொந்தப் பழுதுகள் உண்டு.

நம் நாட்டிலும் இது புதிதல்ல. மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் 2002-லிருந்தும், சுபாங் ஜெயா மருத்துவ மையத்தில் 2012-லிருந்தும் 'மைபிராக்கா' என்ற ஆய்வுக்காக மார்பகப் புற்று நோயாளிகளிடம் மாதிரி வாங்குகிறார்கள். கேன்சர் ரிசர்ச் மலேசியா என்ற அமைப்பின் பேராசிரியர் தியோ சூ ஹ்வாங்கும் அவர் குழுவும் இதன் பின்னால் இருப்பவர்கள். யாருக்குப் பழுது இருக்கக்கூடும் என்று கணிக்கும் மேல்நாட்டுக் கணக்குகள் ஆசியப் பெண்களுக்குச் சரியாகப் பொருந்தவில்லை என்பதால், 'அரிக்கா' என்று ஆசியர்களுக்கே ஒரு கணக்கை உருவாக்கியிருக்கிறார்கள். மரபணு ஆலோசகர்கள் நாட்டில் மிகக் குறைவு. யுகேஎம் பல்கலைக்கழகத்தில் அதற்கு முதுகலைப் படிப்பே இருக்கிறது. உயிரியல் பிடித்த, பொறுமையாகக் கேட்கத் தெரிந்த பிள்ளைகளே, தமிழில் பேசக்கூடிய ஆலோசகர் ஒருவர் ஒரு பாட்டியின் எதிரே உட்கார்ந்தால் எவ்வளவு கதை வெளியே வரும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஆலோசனை என்றால் உள்ளே போனதும் ஊசி போடுவார்கள் என்று நினைக்கிறோம். இல்லை. முதலில் குடும்ப மரம் வரைவார்கள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோய் வந்தவருக்குக் கறுப்பு அடித்து, இறந்தவருக்குக் குறுக்கே ஒரு கோடு. எத்தனை தலைமுறை? மூன்று. இரண்டு பக்கமும். அதாவது தர்ப்பணத்துக்கு நாம் தேடும் அதே பெயர்கள், அதே வரிசை. கோத்திரம் அப்பா வழியில் மட்டும் போகும். பழுது அப்படிப் பார்க்காது. அம்மா வழியிலும் வரும், அப்பா வழியிலும் வரும். அப்பாவின் அக்கா தங்கைகளுக்கு நோய் என்றால், "அது அத்தை வீட்டு விஷயம், எனக்கென்ன" என்று ஒரு பெண் இருந்துவிடக் கூடாது. அத்தைக்கு வந்த பழுது நோயே இல்லாத அப்பா மூலமாக அவளுக்கு வந்திருக்கலாம். ஆண்களும் முழுக்கத் தப்புவதில்லை. பிஆர்சிஏ 2 பழுது உள்ள ஆண்களுக்கு புரோஸ்டேட் புற்றும், அரிதாக மார்பகப் புற்றும் வரும் ஆபத்து கூடுகிறது.

அடுத்த கேள்வி, யாரை முதலில் சோதிப்பது. இங்கேதான் பலர் தப்பு செய்கிறார்கள். அந்தத் தங்கச்சி "நானே போய் ரத்தம் கொடுத்துடறேன்க்கா" என்றாள். அவளுக்குப் பழுது இல்லை என்று வந்தால் என்ன அர்த்தம்? குடும்பத்தில் இருக்கும் பழுது அவளுக்கு வரவில்லையா, அல்லது இந்தச் சோதனை தேடாத வேறு ஏதோ காரணமா? தெரியாது. அதனால் நோய் வந்து உயிரோடு இருப்பவரை, அவள் விஷயத்தில் சித்தியை, முதலில் சோதிப்பதுதான் முறை. சித்தியிடம் இன்ன பழுது என்று கண்டுபிடித்துவிட்டால், மற்றவர்களிடம் அந்த ஒன்றைத் தேடினால் போதும். அது தங்கச்சியிடம் இல்லையென்றால், அவளுடைய ஆபத்து ஏறக்குறைய மற்ற பெண்களுக்கு இருக்கும் அளவுதான். இத்தனை வருஷம் தலைக்கு மேல் தொங்கிய கத்தி அன்றைக்கே இறங்கிவிடும்.

மூன்றாவது வகை முடிவும் உண்டு. எழுத்து மாறியிருக்கிறது, ஆனால் அந்த மாற்றம் கெடுதலா, சும்மாவா என்று இன்னும் யாருக்கும் தெரியவில்லை என்பார்கள். உலகில் சேர்த்து வைத்த தகவல் பெரும்பாலும் ஐரோப்பியர்களுடையது என்பதால் நம் மாதிரி ஆட்களுக்கு இந்த 'அர்த்தம் தெரியாத மாற்றம்' அதிகம் வருகிறது. இதை வைத்து யாரும் அறுவை சிகிச்சைக்கு ஓடக் கூடாது. ஆலோசகரோடு தொடர்பில் இருந்தால் பின்னால் அர்த்தம் தெளியும்போது சொல்வார்கள். தனியாகக் காசு கட்டி, எச்சிலை அனுப்பி, ஈமெயிலில் முடிவு வாங்கி, இரவு முழுக்கத் தூங்காமல் கூகுளில் தேடுவதற்கும், விளக்க ஓர் ஆள் எதிரில் இருப்பதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். பதினெட்டு வயதுக்குக் கீழே இந்தச் சோதனை செய்வதில்லை, அந்த முடிவை அவர்களே பெரியவர்களாகி எடுக்கட்டும் என்று. காப்புறுதி எடுக்க நினைத்திருந்தால் அது பற்றியும் சோதனைக்கு முன்பே ஆலோசகரிடம் கேட்டுவிடுங்கள்.

பழுது இருக்கிறது என்று வந்தால்? வெட்டி எடுப்பது மட்டும் வழியில்லை. சாதாரணமாக நாற்பது வயதுக்கு மேல் தொடங்கும் மெமோகிராம் பரிசோதனைக்குப் பதிலாக, இவர்களுக்கு முப்பது வயதை ஒட்டியே எம்.ஆர்.ஐ-யோடு ஆண்டுதோறும் கண்காணிப்பு தொடங்கும். இளவயதில் மார்பகம் அடர்த்தியாக இருப்பதால் மெமோகிராமில் மட்டும் கட்டி சரியாகத் தெரியாது. மார்பகத்தை அகற்றுவது ஒரு தேர்வு, கட்டாயமில்லை. அகற்றினால் ஆபத்து நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு குறைகிறது. சினைப்பைக்கு நம்பகமான முன்பரிசோதனை இல்லை. அதனால்தான் பிள்ளை பெற்று முடித்த பிறகு, பழுதைப் பொறுத்து 35-லிருந்து 45 வயதுக்குள் சினைப்பையை அகற்றச் சொல்கிறார்கள். நோய் ஏற்கனவே வந்தவர்களுக்கும் பலன் உண்டு. பிஆர்சிஏ பழுது உள்ள கட்டிகளைக் குறிவைக்கும் ஒலாபாரிப் போன்ற மாத்திரைகள் வந்திருக்கின்றன. அந்தச் சித்திக்குச் சோதனை என்பது மருமகளுக்காகச் செய்யும் தியாகம் மட்டுமல்ல. அவர் சிகிச்சையே அதை வைத்து மாறலாம்.

இனி நாம் மெல்லமாகப் பேசும் விஷயம். "போன ஜென்மப் பாவம்", "குடும்ப சாபம்", "குலதெய்வத்தை மறந்ததால்" என்ற பேச்சு. மலேசியாவில் உறவினர்கள் சோதனைக்கு முன்வருவது குறைவாக இருப்பதற்குப் பணம், தூரம், பயம் எல்லாம் காரணம்தான். இந்தப் பேச்சும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன். கர்மத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அடுத்தவரின் வியாதியைக் காட்டி அவர் பாவக் கணக்கை எழுத நமக்கு யார் அதிகாரம் கொடுத்தது? 1923-ல் தன் தங்கை புற்றுநோயில் இறந்ததைப் பார்த்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அதை விதி என்று விட்டுவிடவில்லை. முப்பது ஆண்டுக்கு மேல் மனசில் வைத்திருந்து, 1954-ல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் திறந்தார். அவரும் தெய்வ நம்பிக்கை உள்ள குடும்பத்தில் பிறந்தவர்தான்.

கல்யாணக் கேள்விக்கு வருவோம். மாமா மகன், அதாவது முறை மாப்பிள்ளை. நம்மில் இது சகஜம். 1976-ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டமே நெருங்கிய உறவுத் திருமணங்களைத் தடுக்கும்போது, இந்துக்கள் வழக்கப்படி தாய்மாமனைக் கட்டுவதற்கு மட்டும் விலக்கு கொடுத்திருக்கிறது. சொந்தத்தில் கட்டியதால்தான் புற்றுநோய் வந்தது என்று சிலர் சொல்வார்கள். அது தப்பு. இந்தப் பழுது ஒரு பக்கத்திலிருந்து வந்தாலே போதும். ஆனால் இந்தக் குடும்பத்தில் வேறொரு கணக்கு இருக்கிறது, நான் அதைத் தாளில் போட்டுக் காட்டினேன்.

பழுது அம்மாச்சியிடமிருந்து வந்து அம்மாவுக்கும் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். அப்போது தங்கச்சிக்கு இரண்டில் ஒரு வாய்ப்பு. மாமாவும் அதே அம்மாச்சியின் பிள்ளை, அவருக்கும் இரண்டில் ஒன்று. மாமா மகனுக்கு நாலில் ஒன்று. தங்கச்சிக்கும் மாமா மகனுக்கும் இருவருக்குமே இருக்க எட்டில் ஒன்று. அப்படி இருவருக்கும் இருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு இரண்டு பிரதியும் பழுதாகப் போக நாலில் ஒரு வாய்ப்பு. பிஆர்சிஏ 2-இல் அப்படி நேர்ந்தால் ஃபேன்கோனி ரத்தசோகை என்ற கடுமையான நோயோடு குழந்தை பிறக்கும். சோதனைக்கு முன் மொத்தக் கணக்கு முப்பத்திரண்டில் ஒன்று. சோதித்துவிட்டால் அது அனேகமாகப் பூஜ்யமாகிவிடும், அல்லது முன்கூட்டியே தெரிந்து திட்டமிடலாம்.

"அப்ப கட்டாயம் சொல்லணும்ல?" என்றாள்.

"உன்னுடைய முடிவை நீதான் சொல்லணும், வேற யாரும் உன்னைக் கேக்காம சொல்லக் கூடாது. ஆலோசகரும் சொல்ல மாட்டாங்க. ஆனா மாமாவுக்கு இது அவரு ரத்தம்மா. அவருக்கு ஒரு பொண்ணும் இருக்குல்ல?"

அவள் அதை யோசித்திருக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்வதா என்றுதான் யோசித்தாள். மாமாவின் மகளுக்கு, பதினேழு வயதுப் பிள்ளைக்கு, இது ஒரு நாள் தேவைப்படும் என்று அப்போதுதான் தோன்றியது.

எங்கே போவது என்று கேட்பீர்கள். சித்தி ஏற்கனவே ஒரு மருத்துவமனையில் சிகிச்சையில் இருக்கிறார். அங்கே அவருடைய டாக்டரிடமே, "எங்க அக்காவுக்கும் வந்துச்சு, எங்கம்மா வயிறு வீங்கிச் செத்தாங்க, மரபணுச் சோதனை வேணுமா?" என்று கேட்பதுதான் முதல் படி. நோயாளி யாரும் குடும்பத்தில் உயிரோடு இல்லையென்றால் பக்கத்துக் கிளினிக் கெசிஹாத்தானிலோ தானா ராத்தா மருத்துவமனையிலோ கேட்டு, பரிந்துரைக் கடிதம் வாங்கலாம். கோலாலம்பூர் மருத்துவமனையிலும் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்திலும் மரபியல் பிரிவுகள் இருக்கின்றன. கியா பார்மிலிருந்து கேஎல் போக நாலு மணி நேரம், ஒரு நாள் கூலி போகும். அது உண்மை. போவதற்கு முன் தாளில் மரத்தைப் போட்டுக்கொண்டு போனால் ஒரு பயணமாவது மிச்சம். யாருக்கு, எந்த உறுப்பில், எத்தனை வயதில், உயிரோடு இருக்கிறார்களா. அவ்வளவுதான் வேண்டும். பழைய மருத்துவ அறிக்கை, மரணச் சான்றிதழ் எதுவும் பெட்டியில் கிடந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆடி அமாவாசையன்று பிரிஞ்சாங் முருகன் கோயிலில் அவளைப் பார்த்தேன். தாத்தாவைக் கூட்டி வந்திருந்தாள். அம்மாச்சி பெயர் கிடைத்துவிட்டது, அஞ்சலை. அம்மாச்சிக்கு ஒரு தங்கை இருந்ததாகவும், ரிங்லெட் பக்கம் கட்டிக்கொடுத்து, "நெஞ்சுல புண்ணு வந்து" சின்ன வயதிலேயே போய்விட்டதாகவும் தாத்தா சொல்லியிருக்கிறார். அந்தப் பெயர் அவருக்கு நினைவில்லை. தாளில் ஒரு வட்டம் போட்டு, கறுப்பு அடித்து, பக்கத்தில் கேள்விக்குறி வைத்திருந்தாள்.

சித்தி முதலில் ஒத்துக்கொள்ளவில்லையாம். "எல்லாம் என் ரத்தத்தாலன்னு நாளைக்கு என்னையே சொல்வாங்க" என்றாராம். இவள் தாளைக் காட்டி, "இது உங்க ரத்தம் இல்ல சித்தி, அம்மாச்சிக்கும் முந்தி யாருக்கோ வந்தது" என்று சொல்லியிருக்கிறாள். அடுத்த மாதம் ஈப்போவில் டாக்டரைப் பார்க்கும்போது கேட்பதாகச் சித்தி சொல்லியிருக்கிறார், இவளும் கூட வந்தால். தேதி செவ்வாய்க்கிழமை. கடையில் கூட்டம் இருக்காது, முதலாளியிடம் லீவு சொல்லியாகிவிட்டது.